போலீஸ் எடுத்துப்போன வண்டி, போன், நகை, பணம்: திரும்ப வாங்கும் வழி

போலீஸ் எடுத்த பொருளுக்கு ஒரு வழக்கு எண் விழுந்துவிட்டால், எத்தனை நாள் ஆனாலும் அதை வாங்க வழி உண்டு. எண்ணே விழாமல் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வண்டிதான் ஆபத்து. எஃப்.ஐ.ஆர். இல்லை, மகஜர் (கைப்பற்றிய பொருளைச் சாட்சிகள் முன்னால் எழுதும் பட்டியல்) இல்லை, நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) தகவல் இல்லை என்றால், நாளைக்கு "அப்படி ஒரு வண்டி இங்கே வரவே இல்லை" என்று சொன்னாலும் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் முதல் வேலை பொருளைக் காகிதத்தில் ஏற்றவைப்பது. மீட்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அரசியலமைப்பின் 300-அ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. சொத்துரிமை முன்பு அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-இன் 44-ஆவது திருத்தம் அதை அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தது. இப்போது அது அடிப்படை உரிமையாக இல்லாததால் நேரே உச்ச நீதிமன்றம் போக முடியாது. ஆனால் 226-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மதுரைப் பக்கத்து நமக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. "சட்டத்தின் அதிகாரம்" என்று போலீஸ் காட்ட வேண்டியது பெரும்பாலும் ஒரே பிரிவைத்தான்: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 106. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 102 இதுதான். திருட்டுப் பொருள் என்ற சந்தேகம், அல்லது ஏதோ ஒரு குற்றம் நடந்த சந்தேகத்தைக் கிளப்பும் நிலையில் பொருள் கிடைப்பது: இரண்டில் ஒன்று இருந்தால் எடுக்கலாம். எடுத்ததை உடனே எல்லைக்குட்பட்ட நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எடுக்கும்போதே கேட்க வேண்டியவை

மூன்று கேள்வி போதும். எந்தக் குற்ற எண்? எந்தப் பிரிவு? மகஜர் நகல் எங்கே? குரலை உயர்த்த வேண்டாம், "சார், நகல் கொடுத்தா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்" என்றாலே காரியம் நகரும். அந்த இடத்தில் சட்டம் பேசி ஜெயித்தவர் குறைவு. வாக்குவாதம் முற்றினால் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக இன்னொரு வழக்குச் சேரும்.

வீட்டிலோ கடையிலோ சோதனை போட்டால் பிரிவு 103-இன்படி அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இரண்டு மதிப்பான சாட்சிகள் வேண்டும். அந்த இடத்துக்காரர் கூடவே நிற்கலாம், பட்டியலின் நகல் அவருக்குத் தரப்பட வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதனையிட வேண்டும். புதிதாக வந்தது பிரிவு 105: சோதனையும் கைப்பற்றலும், பட்டியல் எழுதிச் சாட்சி கையெழுத்துப் போடுவது வரை, வீடியோவில் பதிவாக வேண்டும். "வீடியோ எடுக்கிறீங்களா சார்?" என்று கேட்டு, இல்லை என்றால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரன்ட் இல்லாத சோதனை என்றால் பிரிவு 185-இன்படி அதற்கான காரணத்தை எழுதி, 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு அனுப்ப வேண்டும். நடுவரிடம் மனுப் போட்டால் அதன் நகல் உங்களுக்கு இலவசம்.

மகஜரைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் பிற்பாடு வரும் பாதித் தொல்லைக்கு வேர். வண்டி என்றால் பதிவு எண் மட்டும் எழுதியிருந்தால் பத்தாது. என்ஜின் எண், சேசிஸ் எண், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், பேட்டரி, ஸ்டெப்னி, உள்ளே கிடந்த கருவிகள் எல்லாம் வர வேண்டும். நகை என்றால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, கிராம் எடையோடு. கல் வைத்ததா, தாலிக்கொடியில் எத்தனை உருப்படி என்பது வரை. "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி 1" என்று மட்டும் எழுதியிருந்தால் எடையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பணம் என்றால் 500 ரூபாய் எத்தனை, 200 எத்தனை என்று நோட்டுக் கணக்கு. போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண் இரண்டும் (அழைப்புப் பலகையில் *#06# அடித்தால் வரும்), சிம், மெமரி கார்டு, திரையில் ஏற்கெனவே இருந்த கீறல்.

எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பக்கத்திலேயே தேதி, நேரம், "நகல் பெற்றேன்" அல்லது "நகல் தரப்படவில்லை". வெள்ளைத்தாளில் மட்டும் போடவே கூடாது.

ரசீதே இல்லாமல் எடுத்துப்போயிருந்தால்

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். நீளம் வேண்டாம்.

"பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள். ஐயா, இன்று (தேதி) மாலை சுமார் 6.30 மணிக்கு (இடம்) அருகே, எனக்குச் சொந்தமான (பதிவு எண்) மோட்டார் சைக்கிளைத் தங்கள் நிலையக் காவலர்கள் எடுத்துச் சென்றனர். கைப்பற்றல் மகஜர் நகலோ ஒப்புகையோ தரப்படவில்லை. வண்டி எந்தக் குற்ற எண்ணில், எந்தச் சட்டப் பிரிவில் கைப்பற்றப்பட்டது, எந்த நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பப்பட்டது என்ற விவரத்தைத் தெரிவித்து, மகஜர் நகல் வழங்கவும், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 106(3)-இன்படி பிணைப் பத்திரத்தின் பேரில் வண்டியை என் பொறுப்பில் ஒப்படைக்கவும் வேண்டுகிறேன். நிலைய வாசல் சி.சி.டி.வி. பதிவைப் பாதுகாத்து வைக்கவும் கோருகிறேன்."

கடைசி இரண்டு வரியையும் பலர் விட்டுவிடுகிறார்கள். பொருளை வைத்திருப்பது புலன்விசாரணைக்கு இனித் தேவையில்லை என்றால், அல்லது கோர்ட்டுக்குக் கொண்டுபோவது சிரமம் என்றால், போலீஸே பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படைக்க 106(3) இடம் கொடுக்கிறது. ஸ்டேஷன்கள் இதை அபூர்வமாகத்தான் பயன்படுத்துகின்றன. ஆனாலும் எழுத்தில் கேட்டு மறுத்தது பின்னால் கோர்ட்டில் உதவும். காவல் நிலைய சி.சி.டி.வி. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டு என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

கடிதத்தை ஸ்டேஷனில் கொடுத்து ரைட்டரிடம் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்கான ஒப்புகை) கேளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில், ஒப்புகையோடு. நகல் ஒன்று மேலதிகாரிக்கு: தல்லாகுளம் போன்ற நகர ஸ்டேஷன் என்றால் மாநகரக் காவல் ஆணையர், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி. ஆணையருக்கு அனுப்ப வேண்டியதை எஸ்.பி.க்கு அனுப்பினால் மனு ஊர் சுற்றித்தான் திரும்பும்.

எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்களா என்பதை நீங்களே பார்க்கலாம். ரகசியத் தன்மையுள்ள வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு உத்தரவு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், தேதி கொடுத்துத் தேடலாம்.

"ஏதோ கொடுத்துட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிருங்க" என்று யாராவது இடையில் வருவார்கள். லஞ்சம் குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எழுத்தில்லாமல் வெளியே வந்த வண்டி அதே எழுத்தில்லாமல் மறுபடி உள்ளே போகும்.

எந்த வாசலைத் தட்டுவது

பெரும்பாலானோர் நாளை வீணாக்குவது இங்கேதான். பொருளை எடுத்த காக்கிச் சட்டை ஒன்றாக இருக்கலாம், விடுவிக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

வாகனச் சோதனையில் லைசென்ஸ் இல்லை, பதிவு இல்லை, பெர்மிட் இல்லை என்று பிடித்திருந்தால் அது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 207. கோர்ட்டுக்கு ஓட வேண்டாம். ஆவணங்களோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடமோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ மனுக் கொடுத்தால் 207(2)-இல் விடுவிக்கலாம். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டும் ஆவணம் அசலுக்குச் சமம். இன்சூரன்ஸ் இல்லாததும் குடித்துவிட்டு ஓட்டியதும் 207-இன் பட்டியலில் இல்லை. குடித்து ஓட்டியவருக்கு அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் முதல் முறை 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. வண்டியைப் பொறுத்தவரை, லைசென்ஸ் உள்ள, குடிக்காத ஒருவரை வரவழைத்து "இவர் ஓட்டிட்டுப் போவார்" என்று கேட்பதே நல்ல வழி.

விபத்து வண்டி என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்க வேண்டும். பார்த்து முடித்து 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது பிரிவு 136. ஆள் காயமோ சாவோ ஆகி, வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடும் இல்லை என்றால் கதை வேறு: போதுமான பிணை கட்டாமல் கோர்ட்டும் விடாது, 3 மாதம் கடந்தால் ஏலத்துக்குப் போகும்.

ரேஷன் அரிசி ஏற்றிப் பிடிபட்ட வண்டிக்கு அத்தியாவசியப் பொருள் சட்டம், பிரிவு 6-அ. நோட்டீஸ் கொடுத்துக் கேட்டு முடிவு செய்பவர் மாவட்ட ஆட்சியர். வாடகை வண்டி உரிமையாளர், ஏற்றிய சரக்கின் சந்தை விலைக்கு மிகாத அபராதம் கட்டி வண்டியை மீட்கும் வாய்ப்பு அதிலேயே இருக்கிறது. கஞ்சா வழக்கில் போதைப்பொருள் தடுப்புச் சிறப்பு நீதிமன்றம், மதுரையிலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்திலும் வண்டியை இடைக்காலமாக ஒப்படைக்கத் தடை இல்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகைக்கு விட்ட, தெரியாமல் மாட்டிக்கொண்ட லாரி உரிமையாளருக்கு இது பெரிய விஷயம். வைகை மணல், செம்மண், சாராயம் இவற்றில் பிடிபட்ட வண்டியைப் பறிமுதல் செய்யவே தனிச் சட்டம் இருப்பதால், இந்த வழக்கில் பழக்கமுள்ள வக்கீல் இல்லாமல் இறங்க வேண்டாம்.

தேர்தல் நேரத்தில் பறக்கும் படை எடுத்த பணத்துக்குக் கோர்ட்டும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை. மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட முறையீட்டுக் குழு இருக்கும், அங்கே போக வேண்டும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கும் மாட்டுச் சந்தைக்கும் ரொக்கத்தோடு வருகிறவர்கள் தேர்தல் அறிவிப்பு வந்ததிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் வங்கி எடுப்புச் சீட்டு, கொள்முதல் பில், கமிஷன் கடைச் சிட்டை ஏதாவது ஒன்று சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். 10 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித் துறைக்குத் தகவல் போகும். வழக்குப் பதியாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

வீட்டையோ கடையையோ காட்டையோ போலீஸ் "சீஸ்" பண்ண முடியுமா? பழைய 102-ஆம் பிரிவில் (இன்றைய 106) அசையாச் சொத்து அடங்காது என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. பாகத் தகராறில் ஒரு தரப்புக்காக ஸ்டேஷன் ஆள் வந்து பூட்டுப் போட்டால் அதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது. குற்றத்தில் சேர்த்த சொத்து என்று முடக்க பி.என்.எஸ்.எஸ். பிரிவு 107 இருக்கிறது, அதற்கு எஸ்.பி. அல்லது ஆணையரின் ஒப்புதலோடு கோர்ட்டில் மனுப் போட வேண்டும், கோர்ட் 14 நாள் அவகாசத்தில் விளக்கம் கேட்க வேண்டும்.

கோர்ட்டில் மனு

மற்றதெல்லாம் (திருட்டு, அடிதடி, மோசடி வழக்குகளில் எடுத்த வண்டி, போன், நகை, பணம்) குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் சொத்து திரும்பப் பெறும் மனு. பொருள் கோர்ட்டுக்கு வந்திருந்தால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 497. தகவல் மட்டும் வந்து பொருள் ஸ்டேஷனிலேயே இருந்தால் 503. எது என்று தெரியாவிட்டால் இரண்டையும் குறிப்பிடுவது வழக்கம். பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவத்தை ஸ்டேஷன் பேச்சில் ஃபார்ம் 91, ஃபார்ம் 95 என்பார்கள். அது அனுப்பப்பட்டதா, கோர்ட் சொத்துப் பதிவேட்டில் என்ன எண் என்று கோர்ட் டூட்டிக் காவலரிடம் கேட்டாலே தெரியும்.

497-இல் கெடு இருக்கிறது. பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளுக்குள் விவரப் பட்டியலும் படமும் தயாராக வேண்டும். அதிலிருந்து 30 நாளுக்குள் ஒப்படைப்பு பற்றி உத்தரவு வர வேண்டும். அந்தப் படமே சாட்சியமாகச் செல்லும் என்பதால் "விசாரணைக்கு வண்டி வேணும்" என்ற பழைய சாக்கு இப்போது வலுவிழந்துவிட்டது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இலேயே உச்ச நீதிமன்றம், ஸ்டேஷனில் பொருளை 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டியதில்லை என்றது. மனுவில் இந்தத் தீர்ப்பு கட்டாயம் இருக்கட்டும்.

இணைக்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர். நகல், மகஜர் நகல், ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார், உங்கள் பிரமாண வாக்குமூலம். நகைக்குக் கடை பில். அது இல்லையென்றால் கல்யாணப் படத்தில் அதை அணிந்திருப்பது, அடகுச் சீட்டு. திருட்டுப்போன நகை அடகுக்கடையில் கைப்பற்றப்பட்டிருந்தால் கடைக்காரரும் உரிமை கோரலாம், அதனால் தாமதிக்க வேண்டாம்.

மனு நம்பரானதும் அரசு உதவி வழக்கறிஞருக்கு நகல் போகும், ஸ்டேஷனிலிருந்து பதில் வர வேண்டும். தேக்கம் அந்தப் பதிலில்தான். வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பே ஒரு நகலைப் புலன்விசாரணை அதிகாரி கையில் கொடுத்து, பதில் அனுப்பியாயிற்றா என்று கேட்டால் ஒரு வாய்தா மிச்சம்.

மனு தள்ளுபடியாகும் முக்கியக் காரணம் ஆர்.சி.யில் வேறு பெயர். கைமாறி ஓடுகிற வண்டிகள் நம் பக்கம் ஏராளம். பெயர் மாற்றாமல் வாங்கியவர், ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாலும், பதிவுபெற்ற உரிமையாளரை நேரில் கூட்டிவந்து ஆட்சேபணை இல்லை என்று வாக்குமூலம் போடவைப்பது நல்லது. ஃபைனான்ஸ் வண்டி என்றால் அந்தக் கம்பெனியின் கடிதம்.

உத்தரவில் நிபந்தனைகள் இருக்கும்: பத்திரம், இரண்டு ஜாமீன்தாரர், விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கூப்பிட்டால் கொண்டுவர வேண்டும், பல நேரம் அசல் ஆர்.சி.யையும் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். பத்திரத் தொகை பழைய வண்டியின் விலையைவிட அதிகம் என்றால் குறைக்கச் சொல்லி அங்கேயே மனுப் போடலாம். முடியாவிட்டால் செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கும் மேலே மதுரைக் கிளை.

வண்டியை எடுக்கப் போகும்போது பேட்டரியும் கொஞ்சம் பெட்ரோலும் காற்றுப் பம்பும் மெக்கானிக்கும் கூட இருக்கட்டும். இரண்டு மழை நனைந்த வண்டியின் டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும், அதே பெட்ரோலில் உதைத்தால் என்ஜின் கெடும். மகஜரைக் கையில் வைத்துச் சரிபார்த்து, காணாமல் போனதை ஒப்புகைச் சீட்டிலேயே எழுதிவிட்டு அப்புறம் கையெழுத்திடுங்கள். போலீஸ் பொறுப்பில் இருந்த பொருள் தொலைந்தால் அதன் மதிப்பை அரசு தர வேண்டும் என்று 1977-இல், ஸ்டேஷன் பெட்டியிலிருந்து நகை காணாமல் போன கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் 10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

போனும் வங்கிக் கணக்கும்

போன் எடுக்கப்பட்டால் உள்ளே இருப்பதுதான் கவலை. 2017-இன் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பில் அந்தரங்கம் அடிப்படை உரிமை. அரசியலமைப்பின் 20(3)-இன்படி குற்றம் சாட்டப்பட்ட ஒருவரைத் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. பாஸ்வேர்டு கேட்டால் "எழுத்தில் கேளுங்கள், வக்கீலைக் கலந்துகொண்டு சொல்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போன் அணைக்கப்பட்டு உறையில் இட்டு முத்திரை வைக்கப்பட்டதா என்று பார்த்து, நகலெடுத்தால் அதன் ஹாஷ் மதிப்பை (தகவல் மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) குறிக்கச் சொல்லுங்கள். தொழிலுக்கு வேண்டிய கணக்கு, தொடர்பு எண்கள் உள்ளே இருந்தால் தகவலை நகலெடுத்துக்கொண்டு போனைத் தர வேண்டும் என்று மனுவில் தனியாகக் கேளுங்கள்.

கடைக்காரர்களுக்கு இப்போது அடிக்கடி நேர்வது வேறு: வாடிக்கையாளர் ஒருவர் யு.பி.ஐ.யில் அனுப்பிய தொகை எங்கோ வடக்கே நடந்த மோசடிப் பணம் என்று கணக்கையே முடக்கிவிடுவார்கள். வங்கிக் கணக்கும் "சொத்து"தான் என்பது 1999-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அதனால் முடக்கும் அதிகாரம் உண்டு. கிளை மேலாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டியது: எந்த ஊர் போலீஸ், புகார் ஒப்புகை எண், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. பில், ஜி.எஸ்.டி. கணக்கு, அந்த ஆளோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாம் சேர்த்து அந்த விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல். தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது தவறு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னதைக் காட்டி, அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியைத் திறக்கக் கேளுங்கள். நகரவில்லை என்றால் மதுரைக் கிளையில் ரிட் மனு.

சினிமா பார்த்து வரும் இரண்டு தப்பெண்ணம்

சோதனை முறைப்படி நடக்காவிட்டால் கிடைத்த பொருளே செல்லாது என்று நம்புகிறவர்கள் உண்டு. அது அமெரிக்கச் சட்டம். இங்கே, முறைகேடாக எடுத்ததென்றாலும் பொருத்தமான சாட்சியமாக இருந்தால் கோர்ட் பார்க்கும் என்று பல ஆண்டுகளாகவே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதேபோல, நடுவருக்குத் தகவல் தாமதமாகப் போனாலே கைப்பற்றல் ரத்தாகாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாமதத்துக்கு விளக்கம் கேட்கலாம், துறை நடவடிக்கை கோரலாம், அவ்வளவுதான். எனவே "அவங்க ப்ரொசீஜர் தப்பு" என்ற ஒன்றை மட்டும் நம்பி மனுப் போடாமல், பொருள் யாருடையது, வைத்திருப்பதால் என்ன நட்டம், எந்த நிபந்தனைக்கும் தயார் என்பதை முன்னால் வையுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. உதவி எண் 15100.

வழக்கு முடிந்ததும் இன்னொரு மனு மிச்சம் இருக்கிறது, பலர் மறந்துவிடுகிறார்கள். இடைக்கால ஒப்படைப்பு என்பது இடைக்காலம்தான். தீர்ப்பில் சொத்து பற்றி 498-ஆம் பிரிவின்படி உத்தரவு வந்திருக்கிறதா என்று பார்த்து, பத்திரத்தை ரத்துசெய்யவும், கோர்ட்டில் கிடக்கும் அசல் ஆர்.சி.யையும் ஜாமீன்தாரர் கொடுத்த ஆவணங்களையும் திருப்பித் தரவும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை வண்டியை விற்கவோ பெயர் மாற்றவோ கூடாது.